பழைய இரும்புக்கடைக் கீபோட்: உப்புக்காற்று ஊரில் ஒரு மெக்கானிக்கல் விசைப்பலகையைத் தேடியெடுத்துத் திருத்துவது எப்படி

மட்டக்களப்பை அடுத்த காத்தான்குடிப் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடை. தண்ணீர்ப் பம்புகள், சைக்கிள் ரிம்கள், இறக்கை வளைந்த ஃபேன்கள். அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு வயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் வட்டப் பிளக். இழுத்தேன். மஞ்சள் பாய்ந்த ஒரு கீபோட் வந்தது. ஒரு விசையைக் காணவில்லை, மற்ற விசைகளில் ஜெர்மன் எழுத்துகள்.

“காக்கா, இது என்ன விலை?” கடைக்கார அண்ணனிடம் கேட்டேன்.

“வேலை செய்யாது தம்பி. நிறுத்துத்தான் தருவன். இதுக்குள்ள தங்கமா இரிக்கி?”

அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் தங்கம் இருந்தது. அது செரி நிறுவனத்தின் ஜி80-3000. அதன் ஒவ்வொரு ஸ்விட்ச்சிலும் இரண்டு உலோக முனைகள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் கடுகளவுகூட இல்லாத ஒரு தங்கக் கலவைத் துண்டு இருக்கும். முப்பது வருடம் மூலையில் கிடந்த கீபோட்டும் உயிர்த்தெழுவது அதனால்தான். தங்கம் துருப்பிடிக்காது.

அதைச் சுற்றியிருக்கிற மற்றதெல்லாம் துருப்பிடிக்கும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று வாழ்கிற நமக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, கல்லடியில் வீட்டு ஜன்னல் பிணைச்சல்களைப் பார்த்தாலே போதும். குளிர்நாட்டுக்காரர்கள் இந்த வேலையைப் பற்றிச் சொல்லும்போது எப்படிக் கழுவுவது என்பதையே நீட்டிச் சொல்வார்கள். நம் ஊரில் கழுவுவது சின்ன வேலை. எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம், எப்படிக் காயவைக்கிறோம் என்பதில்தான் கீபோட் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. நான் ஒன்றைக் கிட்டத்தட்டக் கொன்றுதான் இதைக் கற்றேன். அந்தக் கதை பின்னால் வரும்.

எங்கே தேடுவது

ஏறாவூரிலிருந்து காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று வரை பிரதான வீதியோரம் பழைய இரும்புக்கடைகள் இருக்கின்றன. அங்கே கணினிச் சாமான் வந்தால் செம்புக்காக வயரை முதலில் வெட்டிவிடுவார்கள். அதனால் கடைக்காரரிடம் போன் இலக்கத்தைக் கொடுத்து, “கீபோட் வந்தால் வயரை வெட்டாமல் வையுங்கள்” என்று சொல்லிவைப்பது நல்லது. வெட்டியது கிடைத்தாலும் விட்டுவிட வேண்டாம், உள்ளே போவது நாலே நாலு வயர்தான்.

இரண்டாவது, தொண்ணூறுகளில் தொடங்கி இப்போது மூடிக் கிடக்கும் தட்டச்சு வகுப்புகள், கணினி வகுப்புகள், சிறிய அச்சகங்கள். மூன்றாவது, கணினி திருத்தும் கடைகளின் பின்னறை. அங்கே யூஎஸ்பி வேலை செய்யாத நேரத்துக்கென்று ஒரு பழைய கீபோட் எப்போதும் கிடக்கும். வெளிநாட்டு உதவியாக வந்த பாவித்த கணினிகளோடும் சில வந்திருக்கின்றன. என்னுடைய ஜெர்மன்காரரும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும், வேறு எப்படிக் காத்தான்குடிக்கு வருவார்?

கடைசியாக, உறவுகள். ஜெர்மனியிலோ சுவிஸிலோ மச்சான், சித்தப்பா என்று யாராவது இல்லாத வீடு இங்கே குறைவு. லீவில் வரும்போது சொக்லேட்டுக்குப் பதிலாக அங்குள்ள பழைய பொருள் சந்தையிலிருந்து ஒரு கீபோட் கொண்டுவரச் சொல்லலாம். கொண்டுவருபவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார், அது பரவாயில்லை.

மெக்கானிக்கலா, ரப்பரா?

பழைய கீபோட் எல்லாம் மெக்கானிக்கல் அல்ல. பெரும்பாலானவை ரப்பர் குமிழ் வகை. எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும், அழுத்தினால் இட்லியை அமுக்கியது போல இருக்கும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்விட்ச், தனிச் சுருள்வில்.

பாரத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். ரப்பர் கீபோட் சிலவற்றில் பாரத்துக்காகவே ஒரு இரும்புத் தகடு இருக்கும். என் செரியிலோ ஸ்விட்ச்சுகள் நேரே பிசிபியில், அதாவது செம்புப் பாதைகள் அச்சிட்ட பலகையில் நிற்கின்றன, உலோகத் தகடே கிடையாது, ஆள் மெலிசு. ஒரு விசையின் தொப்பியைக் கழற்றி அடியில் பாருங்கள்.

கூட்டல் குறி வடிவத் தண்டு, அதைச் சுற்றிச் சதுரப் பெட்டி என்றால் அது செரி எம்எக்ஸ். 1983இல் வந்த அமைப்பு, இன்றைக்கும் புதிதாகச் செய்கிறார்கள். தண்டின் நிறம் குணத்தைச் சொல்லும்: கறுப்பு வழவழவென்று இறங்கும், கபிலம் நடுவில் சின்னதாகத் தடுக்கும், நீலம் தடுப்பதோடு கிளிக் என்று சத்தமும் போடும். சில ரப்பர் கீபோட்டுகளிலும் கூட்டல் குறித் தண்டு உண்டு என்பதால் தனிப்பெட்டி இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீள்சதுரத் துளையுள்ள தண்டு என்றால் ஜப்பானின் அல்ப்ஸ் அல்லது அதன் நகல். 1987இல் வந்த அப்பிள் எக்ஸ்டெண்டட் கீபோட்டில் இருந்தவை அல்ப்ஸ்தான். வட்டக் குழாய், உள்ளே நிற்கும் ஒரு நீள வில் என்றால் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு விடுங்கள், அது கீபோட் பிரியர்கள் தேடித் திரியும் ஐபிஎம் மொடல் எம் ஆக இருக்கலாம்.

பின்பக்க லேபலையும் படியுங்கள். செரியில் ஜி80 என்று தொடங்கினால் எம்எக்ஸ். ஜி81 வேறு வகை, தட்டச் சுகமில்லை. ஜி83 ரப்பர். ஐபிஎம் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள், அந்தப் பெயரிலும் ரப்பர் கீபோட்டுகள் ஏராளம்.

வாங்குமுன் எல்லா விசையையும் ஒருமுறை அழுத்துங்கள். இறங்கிய விசை மேலே வராவிட்டால் அது பெரும்பாலும் அழுக்கு, திருத்தலாம். பிசிபி உடைந்திருந்தால், அல்லது வயர் நுழையும் இடத்தில் பச்சை பூத்துப் பரவியிருந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

இணைத்துப் பார்ப்பது

வட்டப் பிளக்குகள் இரண்டு வகை. பெரிதாக 5 முள் இருந்தால் ஏடி அல்லது எக்ஸ்டி, சிறிதாக 6 முள் இருந்தால் பிஎஸ்/2. ஏடியிலிருந்து பிஎஸ்/2வுக்கு ஒரு சாதாரண மாற்றி போதும், இரண்டும் பேசும் மொழி ஒன்று. எக்ஸ்டிக்கு அதே 5 முள் இருந்தாலும் மொழி வேறு, அந்த மாற்றியில் அது ஊமையாகவே இருக்கும். அதைச் செத்துவிட்டது என்று நினைத்து எறிந்தவர்கள் உண்டு.

பிஎஸ்/2 பிளக்கைக் கணினி ஓடும்போது குத்தவோ கழற்றவோ கூடாது. அணைத்துவிட்டுக் குத்தி, அப்புறம் ஓடவிடுங்கள். யூஎஸ்பிக்கு மாற்றுவதென்றால் உள்ளே சிப் உள்ள மாற்றி வேண்டும். வயரை வயரோடு சேர்க்கும் மலிவான ஊதா நிறக் குமிழ்கள், பிஎஸ்/2, யூஎஸ்பி என்ற இரண்டு மொழியும் தெரிந்த பிற்காலக் கீபோட்டுகளுக்குத்தான் சரிவரும். சோல்டரிங் கைவருமென்றால் ஏடிமெகா32யூ4 சிப் உள்ள புரோ மைக்ரோ என்ற சின்னச் சுற்றுப்பலகை ஒன்றில் நீங்களே மாற்றி செய்யலாம். அந்த நாலு வயர் இவைதான்: 5 வோல்ட், தரை, தரவு, கடிகாரம். வெட்டிய வயருள்ள கீபோட்டையும் இந்த வழியில் எழுப்பலாம்.

கழற்றுவது

முதலில் போனில் ஒரு படம். விசைத் தொப்பிகளைக் கழற்றியபின் எது எங்கே இருந்தது என்ற நம்பிக்கையெல்லாம் பத்து நிமிடம்தான் தாங்கும்.

தொப்பி பிடுங்கத் தடித்த கம்பி இரண்டை யூ வடிவில் வளைத்தாலே போதும். நேராக மேலே இழுக்க வேண்டும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் போன்ற நீள விசைகளின் அடியில் பெரும்பாலும் ஒரு சமநிலைக் கம்பி கொளுவியிருக்கும், அவற்றைக் கடைசிக்கு வைத்து மெல்ல ஆட்டி ஆட்டி எடுங்கள்.

ஜி80-3000க்கு ஸ்குரூ இல்லை. மேல் மூடியும் கீழ் மூடியும் பிளாஸ்டிக் கொக்கிகளால் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய தொலைபேசி அட்டையையோ கிட்டார் தட்டும் துண்டையோ இடுக்கில் விட்டு ஒவ்வொன்றாக விடுவியுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கொக்கி முறியும். என்னுடையதைத் திறந்தபோது இரண்டு பல்லி முட்டைக் கோது, ஓர் எறும்புப் புற்று, ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். பொத்தானை இன்னும் வைத்திருக்கிறேன்.

மொடல் எம் கிடைத்தால்: பின் விளிம்பில் ஆழமான குழிகளுக்குள் நாலு அறுகோணத் தலை ஸ்குரூ இருக்கும், அளவு 5.5 மில்லிமீற்றர். சாதாரண சொக்கெட்டின் சுவர் தடிப்பு, குழிக்குள் இறங்காது. மெல்லிய சுவருள்ளதைத் தேட வேண்டும். திறக்குமுன் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். சிறுகல் உருளும் சத்தம் கேட்டால் உள்ளே தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குமிழ்த் தலைகள் உடைந்து கிடக்கின்றன. 1985இலிருந்து வந்த இந்தக் குடும்பத்துக்கே உள்ள நோய் அது. ஓரிரண்டு போயிருந்தால் விட்டுவிடலாம். ஒரு பகுதி முழுக்கப் போயிருந்தால் மிச்சத் தலைகளையும் சீவிவிட்டு, துளை போட்டு, 2 மில்லிமீற்றர் ஸ்குரூவும் நட்டும் வைத்து இறுக்க வேண்டும். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். முதல் கீபோட்டாக அதை எடுக்காதீர்கள்.

கழுவுவது, அதாவது தண்ணீர் விஷயம்

தொப்பிகளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு, இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் பழைய பல்துலக்கியால் நாலு பக்கமும் தேய்த்து அலசினால் சரி. கொதிநீர் வேண்டாம், ஸ்பேஸ் பார் வாழைப்பழம் போல வளைந்துவிடும்.

பிசிபிதான் சிக்கல். நான் கெடுத்த கதை இதுதான். முதல் கீபோட்டின் பிசிபியில் ஒட்டிக்கிடந்த இனிப்புத் தேநீர்க் கறையைப் போக்க, கிணற்றடியில் வைத்துத் தண்ணீரை ஊற்றி நன்றாகவே தேய்த்தேன். ஒரு நாள் வெயிலில் வைத்தேன், மூடினேன், இணைத்தேன். எல்லா விசையும் வேலை செய்தது, வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன். மூன்று கிழமையில் மூன்று விசை போயிற்று. திறந்தால் ஸ்விட்ச்சின் கால்களைப் பற்றவைத்த ஈயப் புள்ளிகளைச் சுற்றி வெள்ளைப் பூப்பு, கீழே பச்சை. கரையோர மணலில் உள்ள பல கிணறுகளைப் போல எங்கள் கிணற்றிலும் உவர். தண்ணீர் காய்ந்துவிடும், உப்புக் காயாது. அது அங்கேயே இருந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்துச் செம்பைத் தின்னும்.

இப்போது இப்படிச் செய்கிறேன். முதலில் காய்ந்த தூரிகையால் தூசு. அப்புறம் ஐசோபுரோப்பில் அல்ககோல் தொட்ட துலக்கியால் தேய்த்தல். இதைப் போன் திருத்தும் கடைகளில் வைத்திருப்பார்கள், ஐபிஏ என்று கேளுங்கள். தின்னரைத் தந்தால் வாங்காதீர்கள், அது பிளாஸ்டிக்கை உருக்கும். மருந்துக்கடைச் ஸ்பிரிட்டில் தண்ணீரும் சிலவேளை எண்ணெய்ப்பசையும் சேர்ந்திருக்கும், அவசரத்துக்கு மட்டும்தான். தேநீர், சோடா போன்ற சீனிக் கறைக்கு அல்ககோல் போதாது, தண்ணீர் வேண்டும். அதற்கு வாகனப் பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்குங்கள். உப்பு இல்லாத தண்ணீர் நம் ஊரில் போத்தலில் மலிவாகக் கிடைப்பது அதுதான். அதே கடையில் பற்றரி அசிட்டும் விற்பார்கள், லேபலை இரண்டு தரம் படியுங்கள். அந்தத் தண்ணீரால் அலசியபின் மறுபடி ஒருமுறை அல்ககோலால் துடைத்தால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொண்டு போய்விடும்.

மொடல் எம்மின் நடுப்பகுதியை மட்டும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் உள்ளே பிளாஸ்டிக் தாள்கள் அடுக்காக இருக்கின்றன. நடுவில் புகுந்த ஈரம் வெளியே வராது.

காயவைப்பது

இந்த வேலைக்குப் பருவம் உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் அது. ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் அந்த உலர்ந்த சுடுகாற்று உதட்டை வெடிக்கவைக்கும், வீடெல்லாம் புழுதியாக்கும், எல்லோரும் திட்டுவோம். கீபோட்டுக்கு அதைவிட நல்ல காற்று கிடையாது. வாடை தொடங்கி மாரி பிடித்தபின் பிசிபியை நனைப்பதை நான் விட்டுவிட்டேன். நவம்பரிலிருந்து ஜனவரி வரை தோய்த்த சாரமே காயாத ஊரில் ஸ்விட்ச்சின் அடிப்பகுதி எப்படிக் காயும்?

தொப்பிகளை வாய் கீழாக வைக்க வேண்டும், தண்டு நுழையும் துளைக்குள் ஒரு சொட்டு நின்றாலும் அது ஸ்விட்ச்சுக்குள்தான் போகும். நிழலில், ஃபேன் காற்றில், இரண்டு நாள். தகரக் கூரையில் நேர்வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்பது உண்மை, நீள விசைகள் வளையும் என்பதும் உண்மை. பிசிபிக்கு நான் மூன்று நாள் கொடுக்கிறேன். நனைந்த போனை அரிசிப் பானைக்குள் புதைப்பது போல இதையும் புதைக்க வேண்டாம். அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுக்காது, தவிட்டுத் தூசைத்தான் கொடுக்கும்.

செத்த விசைகள்

எல்லா விசையும் ஒரு கட்டத்தின் வரிசைகளிலும் நிரல்களிலும் இணைக்கப்பட்டிருக்கின்றன. பல விசைகள் சேர்ந்து போயிருந்தால் ஸ்விட்ச்சுகளில் பிழையில்லை, எங்கோ ஒரு செம்புப் பாதை அறுந்திருக்கிறது. ஒரே ஒரு விசை போயிருந்தால் அந்த ஸ்விட்ச்சையோ அதன் ஈயப் புள்ளியையோ பாருங்கள்.

மல்டிமீற்றரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து, ஸ்விட்ச்சின் இரு கால்களிலும் முனைகளைத் தொட்டு விசையை அழுத்துங்கள். சத்தம் வந்தால் ஸ்விட்ச் நலம். அப்போது ஈயப் புள்ளியைச் சூடாக்கிப் புதிதாகக் கொஞ்சம் ஈயம் விடுங்கள், பாதி நோய் அதிலேயே தீரும். பாதை அறுந்திருந்தால் பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மெல்லிய வயர்த்துண்டு ஒன்றை இரண்டு நல்ல புள்ளிகளுக்கிடையே பாலமாகப் பற்றவையுங்கள். என்னுடைய மூன்று விசைகளும் இப்படித்தான் திரும்பி வந்தன. பார்க்க அழகாக இல்லை, அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்?

சத்தம் வராவிட்டால் ஸ்விட்ச்சைத் திறக்க வேண்டும். எம்எக்ஸ் ஸ்விட்ச்சின் மேல்மூடியை நாலு சின்னக் கொக்கிகள் பிடித்திருக்கும். நேரே பிசிபியில் நிற்கும் வகையானால் ஈயத்தைக் கழற்றாமலே, தட்டிச் சப்பையாக்கிய இரண்டு பேப்பர் கிளிப்பை இருபக்கமும் விட்டு நெம்பித் திறக்கலாம். உலோகத் தகடு உள்ள கீபோட்டில் தகடு கொக்கிகளை மறைக்கும், ஸ்விட்ச்சை முழுதாகக் கழற்றத்தான் வேண்டும். திறக்கும்போது ஒரு துணியை மேலே பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வில் பறந்தால் கிடைக்காது, என்னுடைய ஒன்று இன்னும் அலுமாரிக்கு அடியில்தான் எங்கோ இருக்கிறது.

உள்ளே தொடுமுனையை ஐபிஏ தொட்டு மெல்லத் துடைத்தால் போதும். உப்புத்தாள் பட்டால் தங்கம் போய்விடும், அப்புறம் அந்த ஸ்விட்ச்சுக்கு நம் காற்றில் ஆயுள் இல்லை. வில் துருவேறியிருந்தால் ஸ்க்ரோல் லொக், போஸ் விசைகளின் வில்லை எடுத்துப் போடுங்கள். அந்த இரண்டையும் நான் கடைசியாக எப்போது அழுத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

எண்ணெய் விடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. தூசைப் பிடித்துக் களியாக்கும். கறுப்பு ஸ்விட்ச் கரகரத்தால் பிளாஸ்டிக்குக்குக் கேடில்லாத சிலிக்கன் கிரீஸைத் தண்டின் பக்கவாட்டில் பூசினோமா இல்லையா என்று தெரியாத அளவுக்குத் தொட்டுவிடலாம். தொடுமுனைப் பக்கம் படவே கூடாது.

மஞ்சள்

மஞ்சளித்த மூடியை வெளுக்க ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் வெயிலும் போதும். சலூன் சாமான் கடையில் 12 சதவீதக் கிரீமாகக் கிடைக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, சீராகப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி, மணிக்கொரு தரம் மறுபடி தடவிவிட வேண்டும். விட்டுவிட்டால் வரிவரியாக வெளுக்கும், அது மஞ்சளைவிட அசிங்கம். சில வருடத்தில் மஞ்சள் திரும்பவும் வரலாம். நான் ஒன்றுக்குச் செய்தேன், இனிச் செய்யமாட்டேன். பழையது பழையதாகவே இருக்கட்டும்.

தமிழில் தட்டுவது

ஜெர்மன் கீபோட்டில் வையும் இஸட்டும் இடம் மாறியிருக்கும். பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டிப் பழகியவர்களுக்கு அது ல, ண இரண்டின் இடம். பயப்பட வேண்டாம். கணினி விசையின் இடத்தைத்தான் பார்க்கும், தொப்பியில் எழுதியிருப்பதை அல்ல. விண்டோஸில் ஆங்கில அமைப்பே இருந்தால் பார்க்காமல் தட்டும் விரலுக்கு எழுத்து விசைகளில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தொப்பிகளை இடம் மாற்றிப் போடலாம்தான், ஆனால் மேல்வரிசைத் தொப்பியும் கீழ்வரிசைத் தொப்பியும் சரிவில் வேறுபட்டவை, விரல் ஒவ்வொரு முறையும் இடறும். நான் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிவிட்டேன்.

காணாமல் போன தொப்பிக்குக் கூட்டல் குறித் துளையுள்ள எந்தப் புதிய தொப்பியும் பொருந்தும். என்னுடையதில் இல்லாதது எல் விசைக்கு வலப்பக்கத்து விசை. ஜெர்மன்காரருக்கு அது தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஓ, பாமினியில் நமக்கு அது மெய்யெழுத்தின் புள்ளி. இரண்டு புள்ளிக்காரரின் இடத்தில் எழுத்தே இல்லாத ஒரு கறுப்புத் தொப்பியைப் போட்டிருக்கிறேன்.

மாரிக்கு முன்

மூடி வைப்பதென்றால் பருத்தித் துணி. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டும். வாவிப் பக்க ஜன்னலடியில் மேசை இருந்தால் இடம் மாற்றுங்கள். ஒவ்வொரு வருடமும் மாரி முடிந்ததும் இரண்டு தொப்பியைக் கழற்றி உள்ளே பச்சை தெரிகிறதா என்று பாருங்கள், தெரியும்போதே துடைத்தால் ஐபிஏயோடு வேலை முடியும். வயர் நுழையும் ஓட்டையை நான் பஞ்சால் அடைத்திருக்கிறேன். போன தை மாதம் திறந்தபோது பஞ்சு வெளியே தள்ளப்பட்டிருந்தது, உள்ளே புதிதாக ஒரு பல்லி முட்டை.